முடியாத கேம்

நிஞ்சா ஹட்டோரி ஒன்றும் நல்ல கேம் இல்லை. சின்ன வயசில் விளையாடியதையெல்லாம் பொற்காலம் என்று எழுதிவிடுவது ரொம்ப சுலபம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபுஜிகோ ஃபுஜியோ ஏ வரைந்த மாங்கா, 1981-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் அனிமேவாக வந்தது. அதை வைத்து 1986-இல் ஹட்சன் சாஃப்ட் நிறுவனம் ஃபேமிகாமுக்குச் செய்த கேம் இது. இடமிருந்து வலமாக ஓடவேண்டும், தாவவேண்டும், எதிரே வரும் நிஞ்சாக்கள் மேல் ஷுரிகென் எறியவேண்டும். அவ்வளவுதான் கதை.

குறைகள் நிறைய. தாவினால் நினைத்த இடத்தில் கால் ஊன்றாது. முன்னாலும் பின்னாலும் எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரே வரிசையில் எட்டு உருவத்துண்டுகளுக்கு மேல் ஃபேமிகாமால் வரைய முடியாது. கூட்டம் சேர்ந்தால் சிலது மறைந்து மறைந்து தெரியும், கண்ணுக்குத் தெரியாத ஆள் அடித்து நாம் சாவோம். சேகரிக்கிற நிஞ்சா வித்தைகளில் எது எதற்கு என்று சொல்லும் கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தது. அதுவும் எங்கள் கேசட்டோடு வரவில்லை.

ஜப்பானுக்கு வெளியே இந்த கேம் முறையாக விற்கப்படவே இல்லை. பனவடலிசத்திரத்துக்கு அது வந்தது, '9999 இன் 1' என்று ஒட்டியிருந்த மஞ்சள் கேசட்டில், திருட்டுத்தனமாக. சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கடையில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு அம்மா வாங்கித் தந்த டிவி கேமோடு கிடைத்தது. வீட்டில் டிவி இருந்ததே 2006-இல் வந்த திமுக அரசு கொடுத்த பதினான்கு இஞ்ச் இலவச கலர் டிவியால்தான். ஜப்பான்காரன் வரைந்ததை யாரோ நகலெடுத்து விற்க, அரசாங்க டிவியில், அம்மாவின் பீடிக் கூலியில் நான் விளையாடினேன்.

பிறகு 2012 வந்தது. ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. கயத்தாறுப் பக்கம் போனால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும், வீட்டுக்கு வந்தால் ஃபேன் நின்றிருக்கும். இந்த கேமில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. ஆறேழு கட்டம் தாண்டியிருப்பேன், டப்பென்று டிவி அணையும். திரும்ப முதல் கட்டம்.

நிக் சேனலில் தமிழ் பேசிய ஹட்டோரி வேறு ஆள். அவன் கெனிச்சி வீட்டில் ஒருத்தன். ஹோம்வொர்க்குக்குப் பயப்படுகிற, ஓடத் தெரியாத ஒரு பையனுக்குத் துணையாக வந்தவன். நாங்கள் எல்லாருமே கெனிச்சிகள் என்பதால்தான் அந்தத் தொடர் பிடித்தது. இந்தியாவில் அதற்கு இருந்த வரவேற்பால் பின்னாளில் வந்த புதிய தொடரை ஜப்பானின் ஷின்-எய் நிறுவனத்தோடு ரிலையன்ஸ் மீடியாவொர்க்ஸும் சேர்ந்து தயாரித்தது. ஆனால் கேமில் ஹட்டோரி தனியாக ஓடுகிறான். அவன் யாருக்குத் துணையாக வந்தானோ அந்த வீடு அதில் இல்லை. என் கணக்கில் தாவுவதைவிடப் பெரிய குறை இதுதான்.

வீட்டு ஆள் என்று ஒருத்தர் மட்டும் வருவார். நடுவில் வரும் போனஸ் கட்டத்தில் ஒரு பெரியவர் சிக்குவா என்கிற மீன் பண்டத்தையும் இரும்பு டம்பெல்லையும் மாறி மாறி எறிவார். பண்டத்தைப் பிடிக்கணும், இரும்புக்கு விலகணும். பண்டத்துக்கு நாங்கள் வைத்த பெயர் குழல் அப்பளம். அந்த ஆள் ஹட்டோரியின் அப்பா என்பதை ரொம்ப வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். பெற்ற மகன் மேல் இரும்பை எறிகிற அப்பா என்று சிரிப்பு வந்தது. அப்புறம் தெருவில் உள்ள சில அப்பாக்களை நினைத்ததும் அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

நான் விளையாடும்போது அம்மா பக்கத்தில் மடியில் தட்டை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். அவளும் கை நிற்காமல்தான் டிவி பார்ப்பாள்.

"ஏல, இது எப்பம் முடியும்?"

"தெரியலம்மா."

"எத்தனன்னு கூடவா தெரியாது? எனக்காவது ஆயிரம்னு ஒரு கணக்கு இருக்கு."

போன மாதம் சென்னையில் ரூமில் இருந்துகொண்டு செல்போனில் அதைக் கடைசி வரை விளையாடினேன். எமுலேட்டரில் நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்ளலாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. மூன்று ராத்திரி ஆனது. கடைசிக் கட்டத்தைத் தாண்டினால் பரிசு, பாட்டு எதுவும் இல்லை. மறுபடி முதல் கட்டமே வருகிறது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "முடிஞ்சா மொதல்லருந்து வருதும்மா."

"பொறவு? ஆயிரம் போட்டாச்சுன்னு விட்டுருவாவளா? மறுநா எல தருவாவல்லா."

பீடி சுற்றாதே என்று நான் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. மாதாமாதம் பணமும் அனுப்புகிறேன். இடுப்பு வலிக்கிறது என்று அவளே சொல்கிறாள், ஆனால் நிறுத்தவில்லை. அன்றைக்குத்தான் காரணம் சொன்னாள். பி.எஃப். கணக்கில் பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தால்தான் ஓய்வூதியம் உண்டு. வேலை பார்த்தது இருபது வருஷத்துக்கு மேல், கணக்கில் ஏறியது எட்டுதான்.

"இன்னும் ரெண்டு வருசம்ல. அதோட முடிஞ்சிரும்" என்றாள்.