ஊட்டுகிற கை

பக்கவாதம் வந்தபின் அப்புச்சிக்குச் சந்தகை ஊட்டியது நான்தான். பத்து மணி மீட்டிங்குக்குள் தட்டு காலியாகணும், அவ்வளவுதான் என் கணக்கு.

சென்னை ஐஐடியில் படித்த சித்தார்த்த ஸ்ரீனிவாசாவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, உணவூட்ட ஒரு ரோபோ கையைப் பழக்கியது. 2019இல் வந்த அவர்களுடைய ஆய்வு சொல்வது இது: துண்டு முள்கரண்டியில் நின்றால் மட்டும் போதாது. கேரட் போன்ற நீளத் துண்டை நடுவில் குத்தினால் கடிப்பது சிரமம், ஓரமாகக் குத்தணும். எடுக்கும்போதே சாப்பிடுகிறவரின் வாயை நினைக்கணும்.

அப்புச்சி முகத்தைத் திருப்பினால், 'போதும்போல' என்று தட்டை எடுத்துவிடுவேன். 'கொஞ்சம் பொறு கண்ணு' என்றுகூட இருந்திருக்கலாம். இனி கேட்க முடியாது.