எனக்கு!

மாசி வெயில் சாய்கிற நேரம். கேடிலியப்பர் கோயில் பக்கம் கிளிகள் கூச்சலிட்டுக்கொண்டு பறக்கின்றன. ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை அடைத்தாயிற்று. சம்பா அறுத்த வயலில் உளுந்து தழைத்திருக்கிறது. ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற திடலில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அதை மண்வெட்டியால் கொத்திச் சமன்படுத்தி, இரண்டு சவுக்குக் கழி நட்டு வாலிபால் வலை கட்டியிருக்கிறார்கள். எல்லைக்கோடு கோலமாவில். வாசலில் இழை இழுத்துப் பழகிய கைகள் போட்டதால் பதினெட்டு மீட்டரும் பிசிறில்லாமல் ஓடுகிறது.

மிஸ் ஒரு மூங்கில் குச்சியோடு வருகிறார். அதில் 2.24 மீட்டரில் கத்தியால் கீறிய அடையாளம். தினமும் வலையை அந்தக் கீறலுக்கு நேராக இழுத்துக் கட்டிய பிறகுதான் பந்து வெளியே வரும். பிள்ளைகள் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் பதிமூன்று, பதினான்கு வயது.

ஏழு நாளாக இந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

முதல் நாள் ஒரு சர்வீஸ் இரண்டு பேருக்கு நடுவில் வந்து விழுந்தது. இரண்டு பேராலும் எடுத்திருக்க முடியும். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள், அவள் இவளைப் பார்த்தாள், பந்து மண்ணைப் பார்த்தது. மிஸ் திட்டவில்லை. பந்தை எடுத்து அதே இடத்துக்கே மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது. ஆறு முறை அப்படியே.

“பந்துக்குத் தெரியுமா, அது யாருக்குன்னு? நீதான் சொல்லணும். வாயத் தொறந்து சொல்லு.”

“எனக்கு,” என்றாள் ஒருத்தி. பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டிருக்காது.

பொம்பளப் புள்ளைக்கு என்ன சத்தம் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள். தெருவில் உரக்கச் சிரித்தால் திண்ணையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். அவர்களைத் திறந்த வெளியில் நிறுத்தி, கத்து, உரிமையோடு கேள் என்றால் எப்படி வரும்? பாஸ், லிஃப்ட், ஸ்மாஷ் எல்லாம் கை பழகிக்கொள்ளும். தொண்டையைத் திறப்பதுதான் பெரும்பாடு. மிஸ் அதற்கே முதல் மூன்று நாளையும் செலவழித்தார். கூப்பிடாமல் தொட்ட பந்து எவ்வளவு அழகாக எழும்பினாலும் கணக்கில் சேராது.

எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மரியாதை வருவதே அதன் சட்டத்தால்தான். பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. பிளாக்கில் படுவதைத் தவிர, ஒருத்தியே அடுத்தடுத்து இரண்டு தடவை தொடக் கூடாது. மூன்றே தொடுதலில் வலையைத் தாண்டியாக வேண்டும். 260-லிருந்து 280 கிராம்தான் பந்து, ஆனாலும் தனியாளாக அதைச் சுமக்க வழியில்லை. எவ்வளவு பெரிய கெட்டிக்காரியும் பக்கத்துக் கையை நம்பித்தான் தட்டிவிட வேண்டும்.

வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1964-ல், டோக்கியோவில். மகளிர் தங்கம் ஜப்பானுக்கு. அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ நூற்பாலைப் பெண்கள். ஆலை வேலை முடிந்தபின் நள்ளிரவு வரை அவர்களைத் தரையில் புரளவிட்டுப் பழக்கினார் பயிற்சியாளர் ஹிரோபுமி டைமட்சு. அந்தக் கடுமை ஒரு அணியை உண்டாக்கியது, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் திடலில் நான் பார்ப்பது வேறு பாதை. என் மனம் இதன் பக்கம்தான்.

இங்கே ஒரு வழக்கம். யார் தப்பு விட்டாலும், மற்ற ஐந்து பேரும் அவள் உள்ளங்கையைத் தட்டிவிட்டுத்தான் அடுத்த சர்வீஸ். இரண்டாம் நாள் கவனித்தேன். ஒரு கை மட்டும், ஒரு குறிப்பிட்ட கைக்குக் கிட்டே போய், படாமல், அரை அங்குலத்தில் நின்று திரும்பியது. வெறும் காற்றைத் தட்டியது. இதே வட்டத்தில்தான் கீழவெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர்களின் குடும்பங்களில் 44 பேரை ஒரே குடிசைக்குள் எரித்த மண். அந்த அரை அங்குலம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

மிஸ்ஸும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, பந்து விழாமல் ஐம்பது பாஸ் போடச் சொன்னார். எண்ணுவது இரண்டு பேரும் சேர்ந்து. விழுந்தால் ஒன்றிலிருந்து. அன்றைக்கு ஒன்பதைத் தாண்டவில்லை. அடுத்த நாள் முப்பத்தொன்று. ஐந்தாம் நாள் நாற்பதுக்கு மேல் மற்றவர்களும் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்று எண்ணத் தொடங்கினார்கள். ஐம்பது வந்ததும் இரண்டு பேரும் தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தார்கள். முன்கை சிவந்து கன்றியிருந்தது. ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். காற்றைத் தட்டியவள் அதை வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்துக் குடித்தாள். மிஸ் அந்நேரம் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு முழு ஆட்டம். சர்வீஸ் கைமாறியதும் ஆறு பேரும் கடிகாரச் சுற்றில் ஒரு இடம் நகர்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர், “மொறத் தண்ணி மாதிரி மாத்திக்கிறாங்க,” என்றார். ஆற்றில் தண்ணீர் குறையும்போது முறை வைத்துப் பாய்ச்சிய காலமெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். யாருக்கும் நிரந்தர மேட்டு மடை இல்லை என்பதை ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

நெட்டையான பெண் ஸ்மாஷ் அடிக்க எழும்புகிறாள். மற்றவர்கள் அவள் காலடியைச் சுற்றிக் குனிந்து, பிளாக்கில் பட்டுத் திரும்பினால் எடுக்கக் கை நீட்டி நிற்கிறார்கள். யாரும் சொல்லாமலே.

பொழுது இறங்கிவிட்டது. திடலில் விளக்கில்லை. பந்து மங்கி, கோலமாவுக் கோடும் கரைந்து, சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. கூப்பிடுகிற குரல், உடனே முன்கையில் பந்து படும் ஓசை. கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றிவிட்டு ஒரு அம்மா வந்து மரத்தடியில் நிற்கிறாள். தலையிலும் கழுத்திலும் நெல்லுச் சுணை. முந்தானையால் சொறிந்துகொண்டவள் சட்டென்று நிறுத்துகிறாள்.

“எங்க பாப்பா குரலா இது? வீட்டுல கூப்புட்டா ‘உம்’முன்னுகூட வராதே.”

இருட்டுக்குள்ளிருந்து மறுபடி வருகிறது, “எனக்கு!”