இன்ஜின் கொதித்தால் எங்கே தேடுவது?

கார் இன்ஜின் சூடாகத்தான் ஓட வேண்டும். பெரும்பாலான கார்களில் கூலன்ட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதே நல்ல நிலை. முள் அதைத் தாண்டிச் சிவப்புக் கோட்டை நெருங்கினால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: கூலன்ட் குறைந்திருக்கும், ஓட்டம் தடைப்பட்டிருக்கும், அல்லது ரேடியேட்டருக்கு வந்த சூடு காற்றில் கலக்காமல் தங்கியிருக்கும். மூன்றில் எது என்று தெரியாமல் உதிரி பாகங்களை மாற்றுவது காசுக்கும் கேடு, இன்ஜினுக்கும் கேடு.

வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பதே முதல் வேலை. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. தண்ணீரும் எதிலீன் கிளைகாலும் சம அளவில் கலந்த கூலன்ட், மூடியில்லாமல் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி உள்ளே 1 பார் அளவுக்கு அழுத்தத்தைத் தேக்குவதால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டுகிறது. மூடியைத் திருகியதும் அந்த அழுத்தம் போய்விடும். உள்ளிருப்பது அப்படியே கொதித்து முகத்தில் பீறிடும். இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருப்பதுதான் பாதுகாப்பு.

காத்திருக்கும் நேரத்தில் யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சூடு எப்போது ஏறியது? சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் முதல் சந்தேகம் ஃபேன் மீது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்தாக வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்றும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். நெடுஞ்சாலை வேகத்திலும் மலையேற்றத்திலும் மட்டும் சூடு ஏறினால், உட்புறம் உப்புப் படிந்த ரேடியேட்டர், தூசி அடைத்த அதன் தகடுகள், தளர்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். போர்வெல் தண்ணீரையே ஊற்றிப் பழகிய வண்டிகளில் இந்த உப்புப் படிவு அதிகம்.

ஆறிய பிறகு கூலன்ட் அளவு. குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவதோடு வேலை முடிவதில்லை. அது போன வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹோஸ் இணைப்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை, வாட்டர் பம்புக்கு அடியில் உள்ள சிறு துளையில் ஈரம், காருக்குள் காலடி விரிப்பில் இனிப்பு வாடையுடன் நனைவு ஆகியவை கசிவைக் காட்டிக்கொடுக்கும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்தது தெர்மோஸ்டாட். ஆறிய இன்ஜினை மறுபடி ஓடவிட்டு, முள் ஏறிய பிறகு, சுழலும் ஃபேனுக்குக் கை எட்டாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் எச்சரிக்கையுடன் தொட்டுப் பார்க்கலாம். மேலே கொதிக்க, கீழே குளிர்ந்தே இருந்தால் கூலன்ட் சுற்றவில்லை. மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டோ அடைத்த ரேடியேட்டரோ காரணமாக இருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டால் உண்மை தெரிந்துவிடும்: நல்லது, அதன் மேல் பொறித்த வெப்பநிலையை ஒட்டி, பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள், கண்ணெதிரே திறக்கத் தொடங்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டுவது தீர்வாகாது. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலோ பெட்ரோலோ வீணாகும், தேய்மானமும் கூடும்.

வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை, ஆயிலில் பால் கலந்தது போன்ற நிறம், கூலன்ட்டில் ஓயாமல் வரும் குமிழி ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. அலுமினிய ஹெட் வளைந்தால் செலவு பல மடங்காகும். டோ செய்து எடுத்துச் செல்வதே மலிவு.

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும், கூலன்ட்டை நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் சரிசெய்த இன்ஜினும் மறுபடி சூடாகும். ஹீட்டரை முழுதாகத் திறந்து ஓடவிட்டு, ஆறியதும் அளவை மீண்டும் பார்த்து, அடுத்த சில நாட்களுக்கும் அது குறையாமல் நின்றால் வேலை முடிந்தது.