விடிய விடிய ஒரே ஃபைல்

வைகாசி 12, திங்கள்

சனிக்கிழமை இரவு பதிவுசெய்த ‘கர்ண மோட்சம்’ கூத்தைக் கணினியில் ஏற்றினேன். பத்து மணிக்குத் தொடங்கி விடிகாலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முடிந்த கூத்து. கையில் இருப்பதோ ஐந்து துண்டுகள். 2 ஜிபி ஆனதும் ரெக்கார்டர் தானாக அடுத்த ஃபைலைத் திறந்துகொள்கிறது. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் அந்த 2 ஜிபிக்கு ஆயுள் 2 மணி 4 நிமிடம் 16 விநாடி. கட்டியக்காரன் “துரியோ” என்கிறான், முதல் ஃபைல் முடிகிறது. “தனன்” இரண்டாவதில் இருக்கிறது.

ஒவ்வொன்றையும் எம்பி3 ஆக்கிவிட்டு ஒட்டினேன். சைஸ் குறையுமே என்ற ஆசைதான். ஒட்டிய இடத்தில் காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. தாளம் போட்டுக்கொண்டிருந்த கால்தான் இடறியது. எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட கட்டங்களாகத்தான் வைக்கும். தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனத்தைத் திணித்துக் கட்டத்தை நிரப்பும். எல்லாம் சேர்ந்து சில பத்து மில்லிசெகண்டுதான். மிருதங்கத்துக்கு அது போதும்.

வைகாசி 13, செவ்வாய்

சரி, வேவ் ஃபைலாகவே ஒட்டலாம் என்று ஆடாசிட்டியைத் திறந்தேன். ஐந்தையும் உள்ளே இழுத்து, ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலையை வைக்கச் சொன்னால் வைத்துவிடும். ஆனால் அது எல்லாவற்றையும் 32 பிட்டாக்கித் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். எனக்கு 11 ஜிபி வேண்டும், லேப்டாப்பில் காலியாக இருப்பது 9. போன வருடக் கல்யாண வீடியோக்களை அழிக்க மனசு வரவில்லை.

எஃப்எஃப்எம்பெக்குக்கு மாறினேன். பட்டனும் படமும் கிடையாது. நோட்பேடில் வரிக்கு ஒரு ஃபைல் பெயராக எழுதிக் கொடுத்தால் வரிசையாகக் கோத்துவிடும். முதல் ஓட்டத்தில் ஒரு வேடிக்கை. கூத்தன்று ராத்திரி 2.50க்கு ரெக்கார்டரின் பேட்டரி தீர்ந்துவிட்டிருந்தது. நான் பாயில் கண்ணயர்ந்திருந்தேன், அதை மறைப்பானேன். போன அந்த 11 நிமிடத்தை டீக்கடைப் பையன் தன் போனில் பிடித்து வைத்திருந்தான். அது 44,100 ஹெர்ட்ஸ். அதை ஸ்டீரியோ வேவ் ஆக்கி நடுவில் செருகிவிட்டேன். 48,000 என்று நினைத்தே மென்பொருள் வாசித்தது. ஆர்மோனியப் பெட்டியின் சுருதி ஏறி, கர்ணன் குழந்தைக் குரலில் சல்லியனைத் திட்டினான். பதினொரு நிமிடம் பத்தே நிமிடத்தில் ஓடி முடிந்தது.

வைகாசி 14, புதன்

போன் துண்டை முதலில் 48,000க்கு மாற்றி, சத்தத்தையும் கொஞ்சம் இறக்கினேன். இரு முனையிலும் மூன்று விநாடி ஒன்று தேயத் தேய மற்றது எழும்படி விட்டேன். முகவீணை சட்டென்று தூரத்துக்குப் போய்த் திரும்பி வருவதுபோல் இருக்கிறது. இருக்கட்டும். டீ கிளாஸ் கழுவும் சத்தமும் கேட்கிறது, அதை எடுக்கவில்லை.

கடைசித் தடை ஒன்று பாக்கி. எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 8 ஜிபி. வேவ் ஃபைலின் தலைப்பில் அளவை எழுத 32 பிட் இடம்தான் உண்டு, 4 ஜிபிக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. அதனால் ஃபிளாக் வடிவத்தில் எழுதினேன். ஒலியில் ஒரு சாம்பிள்கூடக் குறையாமல் 5 ஜிபி சொச்சத்தில் அடங்கியது. 2:04:16க்கு நகர்த்திக் கேட்டேன். “துரியோதனன்.” மூன்று தடவை கேட்டேன்.

வைகாசி 16, வெள்ளி

பென்டிரைவோடு கூத்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து கால் மணி நேரம் கேட்டார்.

“முழுசும் ஒண்ணா இருக்கா தம்பி?”

“ஒரே ஃபைல் ஐயா. ஏழு மணி அம்பது நிமிஷம்.”

“நல்லது. என் பேரன் மத்தளம் வாசிச்ச இடம் மட்டும் தனியா வெட்டி வாட்ஸப்புல அனுப்புவியா? பொண்ணு வீட்டுல கேட்டாங்க.”