கிரிந்தவில் கேட்ட ‘க்கு’

சேத்தூரில் வளர்ந்தவனுக்கு வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் ஒரு மொழி என்பது புதிதில்லை. ராஜபாளையம் பக்கம் போனால் ராஜுக்களின் வீட்டுத் தெலுங்கு காதில் விழும். பாதி புரியாமலே விஷயம் புரிந்துவிடும். அந்தக் காதோடுதான் இலங்கையின் தென்கிழக்குக் கரையில், யால காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிரிந்தவில் இறங்கினேன். பாறைக் கரை, மீன்பிடிப் படகுகள், மலாய்க்காரர்கள் வாழும் ஊர்.

தேநீர்க் கடையில் ஒரு பையன் எழுந்து, “கோ ருமாநங் அரபி” என்றான்.

“வீட்டுக்குப் போறானாம் தம்பி. எங்கட மலாய். விளங்குதா?” என்றார் கடைக்காரர்.

விளங்கியது, அதுதான் ஆச்சரியம். ‘கோ’ நான், ‘ருமா’ வீடு, ‘நங்’ நம்முடைய ‘க்கு’, ‘பி’ போ. மலேசியாவில் இதையே ‘சாயா பெர்கி கெ ருமா’ என்பார்கள். அங்கே வினை முன்னே, ‘க்கு’ வீட்டுக்கு முன்னே, வீடு கடைசி. இங்கே சொல்லெல்லாம் மலாய், சொற்கள் நிற்கிற வரிசை நம் வரிசை. பசித்தாலும் ‘நான் பசி’ இல்லை, ‘எனக்குப் பசி’தான்.

ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த கைதிகள், சிப்பாய்கள் ஆகியோரின் வழிவந்தவர்கள் இவர்கள். பிறகு ஆங்கிலேயரின் சிலோன் ரைபிள்ஸ் படையிலும் இருந்தார்கள்; 1873இல் அது கலைக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் சுமார் 40,000 பேர். கொழும்பில் 1869லேயே ‘அலாமத் லங்காபுரி’ என்று மலாய்ப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள்.

இந்தச் சொல்வரிசை எங்கிருந்து வந்தது? பள்ளிவாசல் உறவும் கல்யாண உறவும் வழியாகத் தமிழ் பேசும் முஸ்லிம்களிடமிருந்து என்கிறார் மொழியியலாளர் இயன் ஸ்மித். சிங்களத்திலும் இதே அமைப்பு உண்டே என்கிறார் இன்னொரு மொழியியலாளர் உம்பெர்ட்டோ அன்சால்டோ. எனக்கென்னவோ, அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவரை ஸ்மித் பக்கம்தான் மனசு சாய்ந்தது. சொந்த மொழிப் பாசம், வேறென்ன!

ஆனால் ஒரு இடத்தில் மலாய் விட்டுக்கொடுக்கவில்லை. நமக்குக் காலம் காட்டுவது வினையின் நடுவில் ஒளிந்திருக்கும். அவர்களுக்கு முன்னால் நிற்கும்: நடந்ததற்கு ‘சு’, நடப்பதற்கு ‘அர’, நடக்கப்போவதற்கு ‘அந்தி’.

மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கையில் அந்தப் பையனிடம் தைரியமாகச் சொன்னேன்: “கோ சேத்தூர்நங் அந்திபி.”

அவன் சிரிக்கவில்லை. சேத்தூர் எந்தப் பக்கம் என்று மட்டும் கடைக்காரரைக் கேட்டான்.