மீகொங் ஆற்றில் மலிவாய் இரண்டு நாள்

சைகோனில் ஃபாம் ஙூ லாவ் வீதியில் திரும்பின பக்கமெல்லாம் பயண முகவர் கடைதான். (1976 இல் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றியாச்சு. ஆனாலும் சனம் இன்னும் சைகோன் என்றுதான் கதைக்குது.) எல்லாக் கடையிலும் ஒரே படம், ஒரே பாதை, விலை மட்டும் வேறு. பரிசில் உணவகக் குசினியில் நிற்கிறவனுக்குக் கட்டுபடியாகிற விலையைப் பார்த்து, ஆகக் குறைந்ததை எடுத்தேன். இரண்டு பகல், ஓர் இரவு, சாப்பாடும் சேர்த்து.

காலை ஏழரைக்கு வெளிக்கிடும் என்றார்கள். ஒவ்வொரு விடுதியாக ஆள் ஏற்றி நகரத்தை விட ஒன்பதாகிவிட்டது. மீ தோ 70 கிலோமீற்றர் அளவுதான். அதற்குள்ளும் ஒரு கடையில் நிறுத்தி, "கழிப்பறைக்குப் பத்து நிமிசம்" என்றான் வழிகாட்டிப் பெடியன். கழிப்பறை கடையின் கடைசி மூலையில். பட்டுத்துணி, மரப்பொம்மை எல்லாம் தாண்டித்தான் போகவேணும்!

ஆனால் ஆற்றைக் கண்டதும் எரிச்சல் போய்விட்டது. திபெத்தில் தொடங்கி ஆறு நாடுகளைத் தொட்டு வந்து, இங்கே கிளை கிளையாகப் பிரிந்து கடலில் விழுகிறது. வியட்நாம்காரர் இதை 'ஒன்பது டிராகன்' என்கிறார்கள். நான் இரண்டாம் வருடத்தோடு விட்ட புவியியல் படிப்பில் கழிமுகம் என்றால் கொப்பியில் கீறின ஒரு முக்கோணம். மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றை ஆறு என்று நம்பி வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு, இவ்வளவு தண்ணியைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அக்கரையில் பென் ச்சே. எங்கே பார்த்தாலும் தென்னை. தேங்காய்ப்பாலைப் பெரிய தாச்சியில் காய்ச்சி இனிப்புச் செய்கிறார்கள். வாசம் அப்படியே எங்கட தொதல் கிண்டுகிற வாசம். சூட்டோடு ஒரு துண்டு தந்தார்கள். பிறகு தேன் கலந்த தேத்தண்ணி, பழத்தட்டு, பாட்டு, கழுத்தில் போட்டுப் படமெடுக்க ஒரு மலைப்பாம்பு. பாம்பு பாவம், களைத்துப்போய்க் கிடந்தது.

பிறகு சின்ன வள்ளம். இரண்டு பக்கமும் தண்டே இல்லாமல் சேற்றிலிருந்து ஓலை மட்டும் எழும்புகிற ஒரு வகைத் தென்னை. வெயில் உள்ளே வராது. கூம்புத் தொப்பி போட்ட ஒரு அக்கா பின்னால் நின்று துடுப்பு வலித்தா. கால் மணித்தியாலம் அவ்வளவுதான், ஆனால் முழுப் பயணத்திலும் அதுதான் சொர்க்கம். இறங்கும்போது அக்கா மெல்ல "டிப்" என்றா. கூட வந்த ஒருவர், "எல்லாம் சேர்த்துத்தானே கட்டினோம்" என்று முகத்தைத் திருப்பினார்.

அவர் சொன்னது கணக்குப்படி சரிதான். அந்தக் கணக்கை நான் மறுபக்கத்தில் நின்று பார்த்தவன். உணவகத்தில் 'இன்றைய மலிவுச் சாப்பாடு' என்று பலகையில் எழுதுகிற நாளில் முதலாளியின் வாடகை குறையாது, மீன்காரன் விலை குறைக்கமாட்டான். கோப்பை கழுவுகிறவனுக்குத்தான் ஒரு மணித்தியாலச் சம்பளம் குறையும். வழிகாட்டிப் பெடியனிடம் கேட்டேன், அக்காவுக்கு எவ்வளவு போகும் என்று. சிரித்துவிட்டு, "அவையள் டிப்பிலதான் சீவிக்கினம்" என்றான். நான் குறைவாய்க் கட்டின காசு யாருடைய பங்கிலிருந்து வந்தது என்று விளங்கியது. தாள்காசை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

இரவு கன் தோவில் தங்கல். மெத்தையில் ஈரம், மின்விசிறி சத்தம், நுளம்பு. விடிய ஐந்தரைக்குக் கை ராங் மிதக்கும் சந்தை. படத்தில் பார்த்த நெரிசல் இல்லை. வியாபார வள்ளங்களைவிட எங்களைப் போன்றவர்களை ஏற்றின வள்ளம்தான் கூட. வீதியும் பாலமும் வந்தபிறகு சரக்கு லொறியில் போகுது. கன் தோ பாலம் 2010 இல் திறந்தது. இருந்த வள்ளங்களில் மூங்கில் கம்பு நட்டு, விற்கிற பொருளை உச்சியில் கட்டியிருந்தார்கள். அன்னாசி, பூசணி, வெங்காயம். ஒன்றில் மட்டும் காய்ந்த ஓலை தொங்கியது. என்ன விற்கிறார்கள் என்று கேட்டேன்.

"வள்ளத்தையே விக்கினம்" என்றான் பெடியன்.

காசு இல்லாதவனும் உலகம் பார்க்கவேணும், அதனால் மலிவுப் பயணம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போங்கோ. ஆனால் வள்ளம் வலிக்கிற ஆளுக்கென்று சில்லறைத் தாள் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு போங்கோ. அதுவும் பயணச் செலவில் ஒரு பகுதிதான்.