பெயரும் ஆளும்

பேரணாம்பட்டில் ஒரே பெயருடைய இருவரைக் காண நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. பள்ளிவாசலில் ஒரு பெயரைச் சொல்லி அழைத்தால், ஒரே ஸஃப்பிலிருந்து மூவர் திரும்பிப் பார்ப்பர். அதனாலன்றோ நம் பெரியவர்கள் பெயரோடு தந்தை பெயரையும் தெருவையும் தொழிலையும் சேர்த்தே சொல்லி வந்தனர்! இந்த எளிய உண்மையை மறந்து நாம் ஒருமுறை தலைகுனிய நேர்ந்தது.

தோல் பதனிடும் ஆலையொன்றின் அலுவலகக் கணினிகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிப் பெயர்ப்பதிவு, தனித்தனிக் கடவுச்சொல். வேறு மேசைக்கு மாறியவர் அங்கே அந்நியர்; வேலையை விட்டுச் சென்றவரோ ஏதோவொரு கணினியில் இன்னும் ஊழியர்! இதற்குப் பரிகாரமாக ஒரு சர்வரில் ‘ஆக்டிவ் டைரக்டரி’ என்னும் மையப் பெயரேட்டை அமைத்தோம். யார் யார் நம்மவர், எவருக்கு எந்தக் கோப்பைத் திறக்கும் உரிமை உண்டு என்பதை அந்த ஓர் ஏடே தீர்மானிக்கும்; மற்றக் கணினிகள் அதனைக் கேட்டே கதவு திறக்கும்.

இவ்வகை ஏடுகளுக்கு ‘எக்ஸ்.500’ என்னும் சர்வதேச இலக்கணம் 1988இல் வகுக்கப்பட்டது. அது பெரும்பாரமாக இருந்தமையால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் முன்நின்று ‘எல்டாப்’ என்னும் இலகுவான முறையை 1993இல் வெளிக்கொணர்ந்தனர். அதனைத் தழுவி மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000இல் தந்ததே நாம் அமைத்த ஏடு. விலை கொடுக்க இயலாதோர்க்கு 2012இல் வெளிவந்த ‘சாம்பா 4’ இதே பணியை இலவசமாகச் செய்கிறது.

அந்த ஆலையில் ஒரே பெயரில் இருவர் இருந்தனர். ஒருவர் தோல் தரம் பிரிப்பவர். மற்றவர் முதிய கணக்கர். முன்னவர் வேலையை விட்டு விலகினார். அவர் பெயரை நீக்கும்படி சீட்டு வந்தது. நாம் பெயரை மட்டும் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை. நீக்கப்பட்டது கணக்கரின் பெயர்.

மறுநாள் கூலிப் பட்டியல் போடும் நாள். கணக்கர் மும்முறை கடவுச்சொல்லை அடித்தார். மும்முறையும் கணினி மறுத்தது. பக்கத்து மேசை இளைஞர் விசாரித்துவிட்டு, “உங்க பேரையே எடுத்துட்டாங்க பாய்” என்றார். அந்தப் பெரியவர் ஒரு சொல்லும் பேசவில்லை. சொல்லாமலே தம்மை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றெண்ணி, சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டார்.

செய்தியறிந்து பதறினோம். அதே பெயரில் புதிய கணக்கொன்றை உண்டாக்கினோம். பயனில்லை! ஏட்டுக்குப் பெயர் முக்கியமன்று. ஒவ்வொருவரையும் சேர்க்கும்போது அது ஓர் அடையாள எண்ணை வழங்குகிறது. உரிமைகள் யாவும் அந்த எண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளன. பெயர் ஒன்றாயினும் எண் வேறு. ஆகவே புதியவர் வேற்றாள். கூலிக் கோப்பும் திறக்கவில்லை. அவருடைய கணினித் திரையும் வெறுமையாய் நின்றது. ஒவ்வோர் உரிமையாக மீண்டும் வழங்கி முடிப்பதற்குள் அஸர் பாங்கு ஒலித்துவிட்டது. அன்று கூலி வாங்கவேண்டியவர்கள் வெறுங்கையோடு சென்றனர்.

மாலையில் பெரியவரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். தேநீர் தந்து உபசரித்தவர், “பேர் என்னோடதுதான் தம்பி. ஆளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். அதைவிடக் கடுமையாக எவரும் நம்மைக் கண்டித்ததில்லை.

இரவெல்லாம் எண்ணிப் பார்த்தோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உதவித்தொகை வழங்குவதற்காகத் திவான் என்னும் மையப் பதிவேட்டை அமைத்தபோது, அதனை எழுதும் பணியை அகீல், மக்ரமா, ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய, வமிச வழிகளை நன்கறிந்த மூவரிடம் ஒப்படைத்தார்கள். எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்! தம் பெயரை முதலில் எழுத முற்பட்டபோதும் மறுத்து, அண்ணலாரின் (ஸல்) உறவினரிலிருந்து தொடங்கச் செய்தார்கள். ஏட்டை ஆள்பவர் தமக்கென மிகையான உரிமை எடுத்துக்கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் ஏது? ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்-பக்தாதி, ஒரே பெயர்கொண்ட வெவ்வேறு அறிவிப்பாளர்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே ‘அல்-முத்தஃபிக் வல்-முஃப்தரிக்’ என்னும் தனி நூல் இயற்றினார். ஹதீஸ் கலை கண்ட எச்சரிக்கை நமக்கு ஒரு சீட்டளவுக்கும் இல்லாமற் போயிற்றே!

அதன்பின் முறையை மாற்றினோம். விலகியவரின் கணக்கை உடனே அழிப்பதில்லை, முடக்கி வைக்கிறோம். முடக்கியதைத் திறக்க ஒரு நொடி போதும். பெயரோடு ஊழியர் எண்ணும் தந்தை பெயரும் இல்லாத சீட்டை ஏற்பதில்லை. நீக்கும் அதிகாரம் இருவருக்கு மட்டுமே. மின்வெட்டில் ஒன்று படுத்தாலும் வேலை நிற்காதிருக்க, அதே ஏட்டைத் தாங்கும் இரண்டாவது சர்வரும் வைத்தோம்.

யாவற்றினும் மேலாக, ஒரு பெயரை நீக்குமுன் அந்த ஆளின் மேசைவரை நடந்து செல்கிறோம். ஒரு பெயரின் பின்னே ஒரு மனிதரும் அவரை நம்பிய ஒரு குடும்பமும் இருப்பதை மறவாதிருக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!